விறைப்புக் குறைபாடு: உடல் முன்கூட்டியே சொல்லும் சேதி

'ஆண்மைக் குறைவு' என்ற சொல்லிலிருந்தே சிக்கல் தொடங்கிவிடுகிறது. முழங்கால் வலித்தால் முழங்கால் வலி என்கிறோம். காது சரியாகக் கேட்கவில்லை என்றால் காது மந்தம் என்கிறோம். ஆணுறுப்பில் ரத்தம் போதுமான அளவு நிரம்பவில்லை என்றால் மட்டும் அந்த மனிதருடைய ஆண்மையே குறைந்துபோனதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு சொல் இவ்வளவு பாரத்தைத் தலையில் ஏற்றிவைத்தால், யார்தான் மருத்துவரிடம் போய் அதை வாய்விட்டுச் சொல்வார்?

ஆங்கிலத்திலும் நெடுங்காலம் இதே நிலைதான். 'இம்பொடென்ஸ்' என்றார்கள், ஆற்றல் இல்லாமை என்று பொருள். 1992இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, இந்தச் சொல்லை விட்டுவிட்டு 'எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்' என்று சொல்லும்படி பரிந்துரைத்தது. திருப்தியான உடலுறவுக்குப் போதுமான விறைப்பை அடையவோ தக்கவைக்கவோ முடியாத நிலை என்று அதற்கு விளக்கமும் கொடுத்தது. நானும் இந்தக் கட்டுரையில் விறைப்புக் குறைபாடு என்றே எழுதுகிறேன். நடப்பது என்னவோ அதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது, கூடுதலாக எந்தப் பழியையும் சுமத்துவதில்லை.

எப்போதாவது ஒரு நாள் சரிவராமல் போவது குறைபாடு ஆகாது. தூக்கமில்லாத வாரம், அளவுக்கு மீறிய குடி, வீட்டில் ஒரு சண்டை, இதில் எது வந்தாலும் உடல் ஒத்துழைக்காமல் போகலாம். ஏறக்குறைய மூன்று மாதங்களாகத் தொடர்ந்து இப்படியே இருக்கிறது என்றால்தான் மருத்துவர்கள் அதைக் குறைபாடாக எடுத்துக்கொள்கிறார்கள். அதேபோல ஆசை குறைவது வேறு, விந்து முந்துவது வேறு, குழந்தையின்மை வேறு. மூன்றையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. விறைப்பில் சிக்கல் உள்ளவருக்கு விந்தணுக்கள் முழு நலத்துடன் இருக்கலாம். விந்தணுவே இல்லாத ஒருவருக்கு விறைப்பு நன்றாகவே இருக்கலாம்.

'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான பெரிய ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறைபாடு இருந்தது. லேசானது, நடுத்தரமானது, முழுமையானது எல்லாம் சேர்ந்த எண் இது. முழுமையான குறைபாடு ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்குத்தான். அப்படியே எடுத்துக்கொண்டாலும், நடுவயது ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில் பாதிப் பேர் இதை ஏதோ ஒரு விதத்தில் அறிந்தவர்கள். ஒருவரும் இன்னொருவரிடம் சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

தளர்ந்தால்தான் விறைக்கும்

விறைப்பு என்றதும் ஏதோ தசை முறுக்கேறுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. ஆணுறுப்பின் உள்ளே நீளவாக்கில் இரண்டு பஞ்சுக் குழல்கள் போன்ற அமைப்பு உண்டு. அந்தப் பஞ்சின் சுவர்களிலும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளிலும் மென்தசைகள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் இந்தத் தசைகள் இறுக்கமாகச் சுருங்கியிருப்பதால்தான் ரத்தம் உள்ளே அதிகம் வருவதில்லை, உறுப்பும் துவண்டிருக்கிறது.

தொடுதலோ, பார்வையோ, நினைவோ கிளர்ச்சியைத் தூண்டும்போது, முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகள் வழியே சைகை வருகிறது. நரம்பு முனைகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது தசைச் செல்களுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேதிப்பொருளைப் பெருக்குகிறது. தசைகள் தளர்கின்றன, தமனிகள் விரிகின்றன, பஞ்சு ரத்தத்தால் ஊதுகிறது. ஊதிய பஞ்சு, வெளியே உறைபோல இருக்கும் கெட்டியான சவ்வின் மீது அழுந்தும்போது, ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகள் நடுவில் மாட்டி நசுங்குகின்றன. உள்ளே வந்தது வெளியே போக முடியாமல் தேங்குவதுதான் விறைப்பு. பிறகு பிடிஇ-5 என்ற நொதி அந்த ஜிஎம்பியைச் சிதைக்க, தசைகள் மறுபடி சுருங்கி எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

ரத்தக் குழாய்களில் நைட்ரிக் ஆக்ஸைடு சைகைப் பொருளாக வேலை செய்கிறது என்ற கண்டுபிடிப்புக்காக 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இதய நலத்துக்காக ஆராயப்பட்ட அதே வாயுதான் இங்கேயும் வேலை செய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டில் எங்கே தடங்கல் வந்தாலும் விறைப்பு பாதிக்கப்படும். மூளை, முதுகுத்தண்டு, நரம்பு, தமனி, தசை, சிரை, ஹார்மோன், மனம் என்று எதுவும் காரணமாகலாம். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே வருகின்றன. 'உடல் காரணமா, மனக் காரணமா?' என்று கறாராகப் பிரிப்பது பலருக்கும் பொருந்தாது. ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைந்த ஒருவருக்கு ஒரு முறை தவறிப்போகிறது. அடுத்த முறை பயம் வருகிறது. பயத்தில் அட்ரினலின் சுரந்தால் அது அதே மென்தசைகளை இறுக்கிவிடும். ஆபத்து நேரத்தில் ஓடித் தப்பிக்க உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. பயமும் இப்படி உடல் வழியாகத்தான் வேலை செய்கிறது. 'எல்லாம் உன் மனசுலதான் இருக்கு' என்று ஒருவரைத் தட்டிக்கழிப்பது அதனால்தான் அநியாயம்.

மெல்லிய குழாய் முதலில் அடைபடும்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். ஆணுறுப்புக்குள் போகும் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். கழுத்து வழியே மூளைக்குப் போகும் தமனி 5 முதல் 7 மில்லிமீட்டர். புகை, சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றால் தமனிகளின் உட்சுவர் கெடும்போது அந்தக் கேடு உடல் முழுக்கப் பரவலாகத்தான் நடக்கிறது. ஆனால் ஒரே அளவு படிவு மெல்லிய குழாயை முதலில் பாதிக்கும், தடித்த குழாயில் அது தெரிய நாளாகும். உட்சுவர் கெட்டால் நைட்ரிக் ஆக்ஸைடு சுரப்பதும் குறைந்துவிடுகிறது.

அதனால்தான் பலருக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே விறைப்பில் தளர்ச்சி தெரிகிறது. இதய அறிகுறி எதுவும் இல்லாமல் விறைப்புக் குறைபாட்டோடு மட்டும் வரும் ஆணையும், வேறுவிதமாக நிரூபணமாகும் வரை, இதய நோய் இருக்கக்கூடியவராகவே கருத வேண்டும் என்று பிரின்ஸ்டன் கருத்தொற்றுமை எனப்படும் நிபுணர் பரிந்துரைகள் சொல்கின்றன. நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து ஆண்டுகள் என்பது சிறிய அவகாசம் அல்ல. அதற்குள் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவரலாம், புகையை விடலாம், கொழுப்புக்கு மருந்து தொடங்கலாம். வெட்கத்தில் மூடி மறைத்தால் அந்த அவகாசம் வீணாகிறது. எனக்கு மனம் தாங்காத இடம் இதுதான்.

சர்க்கரை நோய் இதில் இரட்டை அடி கொடுக்கிறது. ரத்தக் குழாயையும் கெடுக்கிறது, நரம்பையும் கெடுக்கிறது. சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே விறைப்புக் குறைபாடு வரலாம். சில பேருக்குச் சர்க்கரை இருப்பதே இந்தக் குறைபாட்டுக்காகப் பரிசோதித்தபோதுதான் தெரியவருகிறது.

மருந்துகளையும் மறக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில பழைய பீட்டா பிளாக்கர்கள், தயசைடு வகை நீர்மாத்திரைகள், மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள், ஓபியாய்டு வலிநிவாரணிகள், புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் மருந்துகள் போன்றவை விறைப்பைப் பாதிக்கலாம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் மாற்று மருந்து கிடைக்கும். மாத்திரை தொடங்கிய தேதியையும் சிக்கல் தொடங்கிய தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

புராஸ்டேட் அறுவைசிகிச்சைக்குப் பிறகு வருவது தனி வகை. விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றிக்கொண்டு சுரப்பியை மட்டும் எடுக்கும் முறையை பேட்ரிக் வால்ஷ் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் 1982இல் செய்துகாட்டினார். அப்படிச் செய்தாலும் நரம்புகள் தேறிவர ஒன்றிரண்டு ஆண்டுகள் பிடிக்கலாம். இது முன்கூட்டியே தெரிந்தால் நோயாளி நொந்துபோகாமல் இருப்பார்.

இளைஞர்களின் பயம்

இருபதுகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வரும்போது மனப் பதற்றத்துக்குப் பங்கு அதிகம். ஓர் எளிய அடையாளம் உண்டு. நலமாக இருக்கும் ஆணுக்கு இரவில், கனவுகள் வரும் தூக்கக் கட்டத்தில், மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு ஏற்படும். விடிகாலையில் தெரிவது அதன் கடைசிச் சுற்று. காலை விறைப்பு நன்றாக இருக்கிறது, தனியாக இருக்கும்போதும் சிக்கலில்லை, துணையுடன் இருக்கும்போது மட்டும் போய்விடுகிறது, அதுவும் திடீரென்று ஒரு நாள் தொடங்கியது என்றால், குழாய்களும் நரம்புகளும் நலமாக இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். எல்லா நேரத்திலும் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்திருந்தால் உடல் காரணத்தைத் தேட வேண்டும்.

சுயஇன்பத்தால் 'நரம்புத் தளர்ச்சி' வந்து விறைப்பு போய்விட்டது என்று நம்பி வருடக்கணக்கில் உள்ளுக்குள் புழுங்குபவர்கள் இருக்கிறார்கள். சுயஇன்பம் நரம்புகளைக் கெடுப்பதில்லை, குழாய்களையும் கெடுப்பதில்லை. விந்து வெளியேறுவதால் ஆற்றல் தீர்ந்துபோவதும் இல்லை. உடல் அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கிறது. கெடுப்பது அந்தக் குற்றவுணர்வுதான். படுக்கையில் இருக்கும்போதே 'வருமா, வராதா?' என்று தன்னைத்தானே வெளியே நின்று கண்காணிக்க ஆரம்பித்தால், கிளர்ச்சி போய் அட்ரினலின் வந்துவிடும்.

இதற்கு மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட ஒரு பயிற்சி முறை இன்றும் கைகொடுக்கிறது. சில வாரங்களுக்கு உடலுறவு கிடையாது என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். தொடுதல் மட்டும், முதலில் பாலுறுப்புகளைத் தவிர்த்து, பிறகு மெல்ல மெல்ல. தேர்வே இல்லை என்றால் தோல்வியும் இல்லை. பயம் வடியும்போது உடல் தன் வேலையைத் தானே தொடங்குகிறது. பாலியல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையுடன் செய்தால் நல்லது.

துணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'என் மேல் ஈர்ப்பு போய்விட்டதா, வேறு யாராவது இருக்கிறார்களா?' என்று அவர் தனியாக நினைத்துக் கலங்கிக்கொண்டிருக்கலாம். கணவர் வெட்கத்தில் விலகிப் படுக்க, மனைவி அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள, சிக்கல் ஒன்று இரண்டாகிவிடுகிறது. மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போகும் தம்பதிகளுக்குச் சிகிச்சை எளிதாகிறது.

மருத்துவர் என்ன செய்வார்

முதலில் கேள்விகள். எப்போது தொடங்கியது, காலை விறைப்பு உண்டா, ஆசை எப்படி இருக்கிறது, என்னென்ன மாத்திரைகள், புகை, குடி, தூக்கம். ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் உண்டு. 25க்கு 22 அல்லது அதற்கு மேல் எடுத்தால் குறைபாடு இல்லை, 7 அல்லது அதற்குக் கீழே போனால் கடுமையானது. பிறகு ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, உறுப்புப் பரிசோதனை. ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன். இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். மாலையில் எடுத்துவிட்டுக் குறைவு என்று பயப்படக் கூடாது. குறைவாக வந்தாலும் இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்கேன் போன்றவை எல்லோருக்கும் தேவைப்படாது.

சிகிச்சை என்றதும் மாத்திரைக்குத்தான் கண் போகிறது. அதற்கு முன்னால் ஓர் இத்தாலிய ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். உடல் பருமனும் விறைப்புக் குறைபாடும் கொண்ட 110 ஆண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவிலும் உடற்பயிற்சியிலும் இரண்டு ஆண்டுகள் விரிவான வழிகாட்டுதல். 2004இல் முடிவு வந்தபோது அந்தக் குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு விறைப்பு இயல்புக்குத் திரும்பியிருந்தது, மருந்தே இல்லாமல். வாரத்துக்கு நான்கு நாள், தலா நாற்பது நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு நடையோ ஓட்டமோ ஆறு மாதம் செய்தால் பலன் தெரியும் என்று உடற்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சிறுநீரைப் பாதியில் நிறுத்தும்போது இறுக்குகிறோமே, அந்த இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியும் பலருக்கு உதவுகிறது. செலவில்லாதது, பக்கவிளைவில்லாதது, இதயத்தையும் சேர்த்துக் காப்பது. ஆனாலும் இதைத்தான் கடைசியாகச் செய்கிறோம்.

அப்புறம் மாத்திரை. சில்டெனாஃபில் என்ற மருந்தை ஃபைசர் நிறுவனத்தின் இங்கிலாந்து ஆய்வகத்தில் நெஞ்சுவலிக்காகத்தான் உருவாக்கினார்கள். நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பலன் தரவில்லை. பரிசோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் வேறொரு விளைவைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் வயாகரா என்ற பெயரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. டடாலஃபில், வர்டெனாஃபில் 2003இல் வந்தன. ஜிஎம்பியைச் சிதைக்கும் அந்தப் பிடிஇ-5 நொதியை இவை தடுக்கின்றன. இதிலிருந்து ஒன்று புரியும்: கிளர்ச்சி இருந்து, நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து, ஜிஎம்பி உருவானால்தான் இந்த மாத்திரைக்கு வேலை. மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. 'எனக்கு வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களில் கணிசமானவர்கள் எடுத்துக்கொண்ட விதத்தில்தான் தவறு. சில்டெனாஃபிலை ஒரு மணி நேரம் முன்பாக, வயிறு காலியாக இருக்கும்போது எடுக்க வேண்டும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் தாமதமாகும். டடாலஃபிலுக்கு உணவு தடையில்லை, பலன் 36 மணி நேரம் வரை இருக்கலாம். முதல் முறையே கைவிடாமல், சரியான அளவில் ஐந்தாறு முறையாவது முயன்ற பிறகுதான் தீர்மானிக்க வேண்டும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இவை பலன் தருகின்றன. தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, செரிமானக் கோளாறு ஆகியவை வழக்கமான பக்கவிளைவுகள்.

யார் எடுக்கவே கூடாது என்பதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு போன்ற நைட்ரேட் மருந்துகளை எந்த வடிவில் எடுப்பவரும் இந்த மாத்திரைகளைத் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழுந்துவிடும். மாத்திரை எடுத்தவருக்கு நெஞ்சுவலி வந்து அவசரப் பிரிவுக்குப் போனால், கூச்சப்படாமல் 'இந்த மாத்திரையை இத்தனை மணிக்கு எடுத்தேன்' என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம், டடாலஃபில் எடுத்து 48 மணி நேரம் வரை நைட்ரேட் தரக் கூடாது. புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆல்ஃபா பிளாக்கர் எடுப்பவர்களும் மருத்துவர் சொல்லும் அளவில்தான் தொடங்க வேண்டும். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் உள்ளே இருக்கும் திசு நிரந்தரமாகக் கெடும்.

'முழுக்க மூலிகை, பக்கவிளைவே இல்லை' என்று விற்கப்படும் பொருட்களில் சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நைட்ரேட் எடுக்கும் இதய நோயாளி ஒருவர் மூலிகைதானே என்று நம்பி அதை விழுங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாத்திரை பலிக்காதவர்களுக்கும் வழி உண்டு. வெற்றிடக் குழாயை வைத்துக் காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுத்து, அடியில் வளையம் மாட்டும் கருவி ஒன்று. வளையத்தை 30 நிமிடத்தில் கழற்றிவிட வேண்டும். உறுப்பின் பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் மருந்து செலுத்துவது இன்னொன்று. 1983இல் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் லாஸ் வேகாஸில் நடந்த மருத்துவக் கூட்டத்தில் தனக்குத்தானே அப்படி ஊசி போட்டுக்கொண்டு மேடையிலேயே விளைவைக் காட்டினார். மனத் தூண்டுதல் இல்லாமல் மருந்தால் மட்டுமே விறைப்பு வரும் என்பதை அங்கிருந்த மருத்துவர்கள் கண்ணால் பார்த்தார்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால் உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவி இருக்கிறது. காற்றடைப்பது போலத் திரவத்தை நிரப்பி விறைக்கவைக்கும் வகை 1973இலிருந்தே பயன்பாட்டில் உண்டு. பொருத்திவிட்டால் பழைய இயற்கை விறைப்புக்குத் திரும்ப முடியாது என்பதால் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மனநிறைவோடுதான் இருக்கிறார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி, அது உண்மையிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும். இயல்பாக இருப்பவர் போட்டுக்கொண்டால் விறைப்பு அதிகரிக்காது, விந்தணு உற்பத்திதான் குறையும். அதிர்வலைச் சிகிச்சையும், சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த பிளேட்லெட்டைச் செலுத்துவதும் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. அவற்றுக்காகச் சேமிப்பைக் கரைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் வாய் வராது என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'டாக்டர், மூணு மாசமா எனக்கு விறைப்பு சரியா வரமாட்டேங்குது.' மீதியை அவர் கேட்டுக்கொள்வார். பொது மருத்துவரிடமே தொடங்கலாம். தேவைப்பட்டால் சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்புவார். 'வயசாயிடுச்சு, விடுங்க' என்று அவர் சொல்லிவிட்டால், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்து இதயத்தையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் அவர் மறுத்தால், இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.